கிழமைக் கடன், மீற்றர் வட்டி, அடைவு: பிள்ளைகளோடு தனியே நிற்பவர் எதை முதலில் கட்டுவது?

தாவடியாள்:

வணக்கம். இங்கே மற்றவர்கள் எழுதுவதை வாசிப்பேன், எழுதியதில்லை. இப்போது எழுத வேண்டி வந்துவிட்டது.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் தரம் 9, மகன் தரம் 4. கணவர் எங்களை விட்டுப் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. விவாகரத்து எடுக்கவில்லை. வவுனியாவில் ஒரு கடையில் வேலை செய்கிறார் என்று தெரியும். பிள்ளைகளுக்கென்று ஒரு சதமும் வருவதில்லை. நான் யாழ்ப்பாண நகரில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். சம்பளம் 30,000 ரூபாய். சேமலாப நிதி கழித்துக் கைக்கு வருவது 27,600. இரவில் சட்டை தைத்து மாதம் நாலாயிரம், ஐயாயிரம் பார்க்கிறேன். வீடு என் சீதனக் காணியில் இருக்கிறது, இரண்டு பரப்பு. வாடகை கொடுக்கத் தேவையில்லை.

கடன் விபரம் இது. ஒரு கம்பனியின் குழுக் கடன் 50,000. கிழமைக்கு 1,250, இன்னும் 24 கிழமை கட்ட வேண்டும். வேறொரு கம்பனியில் 40,000. கிழமைக்கு 1,000, இன்னும் 35 கிழமை. தெரிந்த ஒருவரிடம் மீற்றர் வட்டிக்கு 50,000. மாதம் 5,000 வட்டி மட்டும் ஓராண்டுக்கு மேலாகக் கொடுத்து வருகிறேன், முதல் அப்படியே நிற்கிறது. என் காணி உறுதி அவரிடம் இருக்கிறது. 2023 இல் வங்கியில் அடைவு வைத்த சங்கிலி ஒன்று, அம்மா போட்டது, ஒன்றரைப் பவுண். 90,000 எடுத்தேன், வட்டியைக் கட்டிக் கட்டிப் புதுப்பித்து வருகிறேன். பலசரக்குக் கடைக் கொப்பியில் 8,000.

கிழமைக் கடன் இரண்டும் செவ்வாய்க்கிழமை. ஐந்து செவ்வாய் வரும் மாதத்தில் 11,250 அதற்கே போய்விடும். மீற்றர் வட்டிக்காரர் முதலாம் திகதியே கடை வாசலுக்கு வந்து நின்றுவிடுவார். முதலாளி பார்ப்பார், வாடிக்கையாளர் பார்ப்பார். அதனால் சம்பளம் எடுத்ததும் அவருக்குத்தான் முதலில் கொடுக்கிறேன். பிறகு செவ்வாய்க்குத் திண்டாட்டம், பிறகு கொப்பிக் கடன். இப்போது மூன்றாவது கம்பனி ஒன்று 75,000 தருவதாகச் சொல்லி வீட்டுக்கு வந்து போகிறது. எடுத்து எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்துவிடலாமா?

கொடிகாமம் அக்கா:

தங்கச்சி, அந்த மூன்றாவது கம்பனியின் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். கடனை அடைக்கக் கடன் வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு பேசுவோம். இன்றைக்கு இது ஒன்றைச் செய்தால் போதும்.

யார் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுப்பது என்ற வழக்கம் எங்கள் பெண்கள் எல்லோரிடமும் இருக்கிறது. மானம் போய்விடும் என்ற பயம். கடன்காரருக்கு அது நன்றாகத் தெரியும். கடை வாசலில் வந்து நிற்பது அதற்காகத்தான். ஆனால் எந்தக் கடனைக் கட்டாவிட்டால் பிள்ளைகளின் சோறும் கூரையும் போகும் என்று பார்த்துத்தான் வரிசை போட வேண்டும். சத்தத்தைப் பார்த்துப் போடக் கூடாது.

நான் 2009 இல் கணவனை இழந்து மூன்று பிள்ளைகளோடு முகாமிலிருந்து திரும்பியவள். கொடிகாமம் சந்தையில் தேங்காய் விற்றுத்தான் தலை நிமிர்ந்தேன். ஒரு கொப்பி வாங்குங்கள். ஒரு பக்கத்தில் வருவதை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் அரிசி, மண்ணெண்ணெய் அல்லது எரிவாயு, மின்சாரம், பிள்ளைகளின் பஸ், கொப்பி பென்சில். இதை எழுதி முடித்த பிறகுதான் கடன்காரரின் பெயர் அந்தக் கொப்பிக்குள் வர வேண்டும்.

பழைய காசாளர்:

கூட்டுறவு வங்கி ஒன்றில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கு எனக்குப் பழக்கமானது, அதைச் சொல்கிறேன்.

மகள், உங்களுடைய முதலாவது கடனில் 50,000 எடுத்து 52 கிழமைக்கு 1,250 வீதம் கட்டினால் மொத்தம் 65,000. "வட்டி 30 வீதம்தான்" என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் நீங்கள் 50,000 ரூபாயையும் ஆண்டு முழுக்கக் கையில் வைத்திருக்கவில்லை. இரண்டாம் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறது; வட்டியை மட்டும் முழு 50,000 இற்கும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். குறைந்து செல்லும் மீதியில் கணக்குப் பார்த்தால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 54 வீதம். பத்திரச் செலவு, காப்புறுதி என்று கொடுக்கும்போதே கழித்திருந்தால் இன்னும் கூடும்.

மீற்றர் வட்டி மாதம் 10 வீதம், ஆண்டுக்கு 120 வீதம். ஓராண்டில் 60,000 கொடுத்திருப்பீர்கள். வாங்கியதை விடக் கூடுதலாகக் கொடுத்தும் வாங்கியது முழுதும் அப்படியே நிற்கிறது. உங்களிடம் இருப்பவற்றில் மிகக் கொடிய கடன் இதுதான். முடித்தே ஆக வேண்டிய கடனும் இதுதான். ஆனால் மாதாமாதம் வட்டியை நீட்டி அதை முடிக்க முடியாது.

வங்கி அடைவு இவை எல்லாவற்றிலும் மலிவானது. அதைப்பற்றி எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. அதற்கு முன் சொல்லுங்கள்: அடைவுச் சீட்டு கையில் இருக்கிறதா? கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்?

நேர்வழி:

எல்லோரும் ஆறுதல் சொல்கிறீர்கள், நல்லது. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். குழுக் கடனில் இவரோடு இன்னும் நான்கு பெண்கள் கையெழுத்து வைத்திருப்பார்கள். இவர் கட்டாவிட்டால் அவர்கள் கட்ட வேண்டும். அவர்களும் கூலிக்குப் போகிறவர்கள்தான். என் தாய் அப்படி அடுத்த வீட்டுக்காரிக்காக மாதக்கணக்கில் கட்டினார். அந்த வீட்டுக்காரி பிறகு எங்கள் படலைப் பக்கமே வரவில்லை. வாங்கிய கடனைக் கட்ட வேண்டும் என்பது பழைய பேச்சாக இருக்கலாம், ஆனால் அதில் அயலவரின் வயிறும் இருக்கிறது.

நெல்லியடியாள்:

நேர்வழி சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்குச் சென்ரர் கூட்டம். ஒரு வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள். கம்பனிப் பையன் மோட்டார் சைக்கிளில் வந்து தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அட்டைகளை வாங்குவான். குழுத் தலைவி காசை எண்ணுவார். ஒருவருடைய 1,250 குறைந்தால் எவரும் எழும்ப முடியாது. உலையில் அரிசி போட்டுவிட்டு வந்தவள், பிள்ளையைப் பாலர் பாடசாலையிலிருந்து கூட்டி வர வேண்டியவள், எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். பையன் ஒரு வார்த்தை பேச மாட்டான். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். பேசுவதெல்லாம் நாங்கள்தான், எங்களுக்குள். பதினொரு மணிக்கு யாராவது காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக்கொண்டு கடைப்பக்கம் ஓடுவார்கள். இருபது ஆண்டு பழகிய பெண்கள் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

அடுத்த வீட்டுக்காரி மேல் கோபம் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தை அவள் மேல் திருப்பிவிட்ட ஏற்பாடு யாருடையது? போர் முடிந்து ஏ9 பாதை திறந்ததும் கம்பனிகள் வரிசையாக வந்தன. நிலையான வருமானம் இல்லாத பெண்களிடம், அதிலும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களிடம், ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு கடன் கொடுத்தார்கள். திருப்பிக் கட்ட முடியுமா என்று எவரும் கேட்கவில்லை. 2018 இல் ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி இங்கு வந்து பார்த்துவிட்டு, சில கடன்களில் ஆண்டு வட்டி 220 வீதம் வரை போகிறது என்று சொன்னார். அதே ஆண்டில்தான் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டு மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்த பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. யாழ்ப்பாணமும் அதில் ஒன்று. நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பு போடுவதாகவும் சொன்னார்கள். பிறகும் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாகவே இருந்தது. 2021 இல் பொலன்னறுவையின் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், இதே கடனுக்காக. பிழை தாவடியாளின் கைச்செலவில் மட்டும் இருந்தால் நாடு முழுக்க ஒரே கதை எப்படி வரும்?

தாவடியாள்:

நேர்வழி அண்ணா, எனக்காக இதுவரை எவரும் ஒரு கிழமைகூடக் கட்டவில்லை. அந்த நான்கு பேரையும் நினைத்துத்தான் இரவில் நித்திரை வருவதில்லை.

ஐயா, அடைவுச் சீட்டு இருக்கிறது. சித்திரை மாதம் வட்டி கட்டிப் புதுப்பித்தேன். ஆனால் அந்தச் சங்கிலியை விற்கச் சொல்லாதீர்கள். மகளுக்கென்று வைத்திருக்கிறேன்.

குருநகரான்:

அக்கா, தனியே பிள்ளை வளர்க்கும் ஆண்களும் இருக்கிறார்கள், அதையும் எழுதிவிட்டுப் போகிறேன். மனைவி நோயில் போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். கடலுக்கு இரவில் போக வேண்டும், அவர்களை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகிறேன். வலைக்கும் இயந்திரத்துக்கும் மீன் முதலாளியான சம்மாட்டியிடம் முற்பணம் எடுத்தேன். அதற்கு வட்டி என்று ஒன்றும் இல்லை. ஆனால் பிடிக்கும் நண்டையும் மீனையும் அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. சந்தை விலைக்கும் அவர் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மாதம் எழுதிப் பார்த்தேன். அதுதான் வட்டி என்று விளங்கியது. வட்டி இல்லாத கடன் என்று ஊரில் எதுவும் இல்லை. எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொப்பி எழுதச் சொன்ன கொடிகாமம் அக்காவின் பேச்சைக் கேளுங்கள்.

பழைய காசாளர்:

மகள், விற்கச் சொல்லவில்லை.

2023 இல் வங்கி உங்களுக்குக் கொடுத்த 90,000 அன்றைய பவுண் விலையைப் பார்த்துக் கொடுத்தது. அன்றைக்கு இருந்த விலை வேறு, இன்றைய விலை வேறு. தங்கம் மிகவும் ஏறிவிட்டது. அதே சங்கிலிக்கு வங்கி இன்று கொடுக்கக்கூடிய தொகையும் ஏறியிருக்கும். அடைவுப் பகுதியில் போய்ச் சீட்டைக் காட்டி, "இதை மீட்டு மறுபடியும் வைத்தால் மேலதிகமாக எவ்வளவு தருவீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. 50,000 மேலதிகமாகக் கிடைத்தால் மீற்றர் வட்டிக்காரரின் முதலை ஒரே நாளில் கொடுத்து, உறுதியை வாங்கிவிடலாம். மாதம் 5,000 மிச்சம். சங்கிலியும் வங்கிப் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும்.

கொடிகாமம் அக்கா:

ஐயா, கோபிக்காதீர்கள். கடனை அடைக்கக் கடன் வேண்டாம் என்று நான் சொன்ன மறுகணமே நீங்கள் இன்னொரு கடனுக்கு வழி சொல்கிறீர்கள். நகைதான் ஏழைப் பெண்ணின் கடைசிக் கை. அதன் மேல் இன்னும் பாரம் ஏற்றினால், ஒரு நாள் மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போய்விடும். எங்கள் ஊரில் எத்தனை தாலிக்கொடி அப்படிப் போனது என்று எனக்குத் தெரியும்.

பழைய காசாளர்:

கோபம் இல்லை பிள்ளை. நீங்கள் பயப்படுவது நியாயம். அதனால்தான் மூன்று நிபந்தனை சொல்கிறேன். புதிய கடனின் வட்டி பழையதை விடக் குறைவாக இருக்க வேண்டும். பழைய கடன் முழுதாக, அன்றைக்கே முடிய வேண்டும். பாதி காசு வீட்டுக்கு வந்து அரிசியாக மாறக் கூடாது. பழைய கடனில் சிக்கிய பொருள், இங்கே காணி உறுதி, கைக்குத் திரும்ப வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது கடனை மாற்றி வைப்பது. ஒன்று இல்லாவிட்டாலும் நீங்கள் சொன்னதுதான் சரி. மூன்றாவது கம்பனி கொடுக்கும் 75,000 இந்த நிபந்தனைகளில் முதலாவதிலேயே தோற்றுவிடுகிறது. அதை வைத்துக் கிழமைக் கடன்களை அடைத்தாலும் அதே வட்டிக்கு இன்னோர் ஆண்டு இழுக்கும்.

மிச்சமாகும் 5,000 இல் 2,000 ரூபாயை மாதாமாதம் அடைவுக் கணக்கிலேயே போட்டுவிடலாம். அடைவுக்கு ஆண்டு முடிவில்தான் கட்ட வேண்டும் என்று இல்லை. சிறுகச் சிறுகக் கட்ட விடுகிறார்களா என்று அந்தக் கிளையில் கேளுங்கள்.

கொடிகாமம் அக்கா:

அப்படியென்றால் சரி. ஆனால் காசு தங்கச்சியின் கையில் ஓர் இரவு கூடத் தங்கக் கூடாது. வங்கியிலிருந்து நேரே அந்த மனிதரிடம். நான் கூட வருகிறேன்.

எழுதுவினைஞர்:

சட்டத்தரணி ஒருவரிடம் பல ஆண்டு எழுதுவினைஞராக இருந்தவள். எல்லோரும் வட்டியைப் பேசுகிறீர்கள். எனக்கு அந்த உறுதிதான் கண்ணில் குத்துகிறது. தாவடியாள், உறுதியைக் கொடுத்தபோது வேறு எதில் கையெழுத்து வைத்தீர்கள்? உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனீர்களா?

தாவடியாள்:

நொத்தாரிசிடம் போகவில்லை. உறுதியைப் பொலித்தீன் உறையோடு கொடுத்தேன். முத்திரை ஒட்டிய வெற்றுத் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கினார். அடையாள அட்டைப் பிரதியும் கொடுத்தேன். இப்போது அவர், "கணவர் வந்து கையெழுத்து வைத்தால் ஈடாக எழுதலாம், வட்டியைக் குறைக்கிறேன்" என்கிறார்.

எழுதுவினைஞர்:

எழுத வேண்டாம். எந்த நொத்தாரிசிடமும் அவரோடு போக வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

உறுதி ஒருவரின் அலுமாரியில் இருப்பதால் காணி அவருடையதாகிவிடாது. காணியை ஈடு வைக்கவோ விற்கவோ நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். மூல உறுதி தொலைந்தாலும் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அதனால் அந்தப் பொலித்தீன் உறையை நினைத்து நித்திரையைக் கெடுக்காதீர்கள்.

அடுத்தது தேசவழமை, வடக்குத் தமிழருக்குரிய பழைய வழமைச் சட்டம். விவாகரத்து எடுக்காததால் சட்டப்படி நீங்கள் இன்னும் மணமான பெண். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியைக்கூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. பெண்களைக் கட்டிப் போடும் சட்டம் இது. பல தடவை இதனால் எரிச்சல் பட்டிருக்கிறேன். கைவிட்டுப் போனவரின் கையெழுத்துக்காக ஒரு பெண் ஏன் அலைய வேண்டும்? ஆனால் உங்கள் விடயத்தில் இன்றைக்கு இதுதான் உங்கள் காணிக்குக் காவல். அந்த மனிதர் கணவரைக் கூட்டி வரச் சொல்வது ஏன் என்று இப்போது விளங்கும். வட்டியைக் குறைக்கும் எண்ணமாக மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஈட்டு உறுதி என்று வாயால் சொல்லிவிட்டு அறுதி உறுதியில், அதாவது விற்பனை உறுதியில், கையெழுத்து வாங்கிய வழக்குகளை நான் தட்டச்சு செய்திருக்கிறேன். எழுதியதை வாசித்துக் காட்டும்போது தலையாட்டிவிட்டு, சில ஆண்டுகள் கழித்து வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்த பிறகுதான் அந்தப் பெண்களுக்கு "அறுதி" என்ற சொல் கண்ணில் பட்டது. பின்னாளில் உங்களுக்கே நல்ல தேவைக்குக் காணியை ஈடு வைக்க வேண்டி வந்தால், கைவிட்டுப் போன கணவரின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க அதே சட்டத்தில் இடம் உண்டு.

கவலைப்பட வேண்டியது அந்த வெற்றுத் தாள். அதில் எந்தத் தொகையையும் எழுதலாம். ஆகவே இனிமேல் ஒரு ரூபாயும் சாட்சி இல்லாமல் கையில் கொடுக்காதீர்கள். முடிந்தால் வங்கிக் கணக்குக்குப் போட்டுச் சிட்டையை வைத்திருங்கள். இதுவரை கொடுத்ததைத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். கடை வாசலில் அவர் வந்து நின்றதைக் கண்டவர்கள் யார் என்றும் எழுதுங்கள். அவர் வழக்குக்குப் போனால், கடும் வட்டிக் கொடுக்கல் வாங்கலை நீதிமன்றம் திறந்து பார்ப்பதற்கு 1918 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. மத்தியஸ்த சபைக்கு அழைத்தால் போங்கள், போகாமல் விடாதீர்கள். ஆனால் அங்கே தவணைத் தொகை ஒன்றைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டால், கட்டக்கூடிய தொகைக்கு மட்டும் வையுங்கள். கடன் கட்ட முடியாமல் போனது சிவில் விடயம். அதற்காகப் பொலிஸ் உங்களைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. காசோலை கொடுத்து அது திரும்பினால் மட்டும் கதை வேறு; நீங்கள் கொடுக்கவில்லை, நல்லது, இனியும் கொடுக்காதீர்கள்.

ஸ்காபரோவிலிருந்து:

அக்கா, அந்த 50,000 ரூபாயை நான் அனுப்பிவிடுகிறேன். இங்கே எனக்கு அது பெரிய தொகை இல்லை. கணக்கு இலக்கத்தைத் தனிமடலில் போடுங்கள்.

தாவடியாள்:

தம்பி, உங்கள் மனதுக்கு நன்றி. ஆனால் வேண்டாம். ஊரில் ஏற்கனவே "அவளுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது" என்று பேச்சு. பேச்சு வந்தால் வட்டி இன்னும் ஏறும்.

நெல்லியடியாள்:

தம்பி ஸ்காபரோ, உதவ விரும்பினால் உங்கள் ஊர்ச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் உயிரோடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவசரத்துக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் குறைந்த வட்டிக்கு அங்கே கிடைத்தால் பெண்கள் கம்பனி வாசலுக்குப் போக மாட்டார்கள். பல ஊர்களில் சங்கம் இருக்கிறது, கொடுப்பதற்குப் பணம் இல்லை. கோயில் கோபுரத்துக்கு அனுப்பும் கைகள் இந்தப் பக்கமும் நீள வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கிறேன்.

கொடிகாமம் அக்கா:

தங்கச்சி, பிரதேச செயலகத்துக்குப் போனீர்களா? பெண் தலைமைத்துவக் குடும்பமாகப் பதிவு இருக்கிறதா? அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணம் கிடைக்கிறதா?

தாவடியாள்:

முன்பு அஸ்வெசுமவுக்கு விண்ணப்பித்தேன். கல்வீடு, கணவர் இருக்கிறார் என்று பதிந்துவிட்டார்கள் என நினைக்கிறேன். பெயர் வரவில்லை. பிறகு போகவில்லை. கடையில் லீவு கேட்டால் அந்த நாள் சம்பளத்தை வெட்டுவார்கள்.

கொடிகாமம் அக்கா:

ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போங்கள். வறிய குடும்பம் என்று எடுத்தால் மாதம் 10,000 வரை, மிக வறியது என்றால் 17,500 வரை. 2025 இலிருந்து கூட்டிக் கொடுக்கிறார்கள். உங்களுக்கு எந்தப் பிரிவில் கிடைத்தாலும் அது கொப்பிக் கடனை ஒழித்துவிடும். கணவர் வீட்டில் இல்லை என்பதற்குக் கிராம அலுவலரிடம் கடிதம் எடுங்கள். பிரதேச செயலகத்திலேயே பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரையும் சந்தியுங்கள். கதிரையில் இருக்கச் சொல்லாவிட்டாலும் நின்றுகொண்டு பேசுங்கள்.

எழுதுவினைஞர்:

எல்லோரும் இவரை மட்டும் கணக்குக் கேட்கிறோம். வவுனியாவில் இருக்கும் மனிதரை எவரும் கேட்கவில்லையே.

1999 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்படி பிள்ளைகளுக்குத் தாபரிப்புக் கொடுக்க வேண்டியது அவர் கடமை. விவாகரத்து எடுத்திருக்க வேண்டியதில்லை. வவுனியாவுக்கு அலையவும் தேவையில்லை. நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய நீதவான் நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டளை கிடைத்த பிறகும் கட்டாவிட்டால், மாதச் சம்பளக்காரர் என்றபடியால் சம்பளத்திலிருந்து கழிக்கக் கேட்க முடியும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கள். இத்தகைய வழக்குகள் அவர்களுக்கு அன்றாட வேலை. இதை வெட்கக்கேடு என்று நினைக்கும் பெண்களைக் கண்டு கண்டு மனம் நொந்துவிட்டது. பிள்ளைகளின் பணத்தை அவர்களுக்காகக் கேட்கிறீர்கள், உங்களுக்காக அல்ல.

நேர்வழி:

நான் முன்பு எழுதியதைத் தாவடியாள் தவறாக எடுக்க வேண்டாம். என் தாய்க்கு அன்று கோபம் வந்தது காசுக்காக அல்ல. அந்த வீட்டுக்காரி ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதற்காக. செவ்வாய் காலை வரை ஒளித்து வைக்காமல், குழுவில் உள்ள நான்கு பேரையும் ஒரு மாலை கூப்பிட்டுக் கணக்கைக் காட்டிவிடுங்கள். அவர்களுக்கும் இரண்டாவது, மூன்றாவது கடன் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லியடியாள்:

இது அருமையான பேச்சு. ஐந்து பேரும் சேர்ந்து எழுதினால் கம்பனி வேறு மாதிரிக் கேட்கும். கிழமைத் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் இல்லாவிட்டால், அல்லது வீட்டுக்கு வந்து மிரட்டினால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமா என்பதை முதலில் பாருங்கள். இரவில் ஆண்கள் வந்து வாசலில் நின்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 இருக்கிறது.

இன்னொன்று. நித்திரை வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடனுக்காக எங்கள் பக்கம் உயிரை விட்ட பெண்கள் இருக்கிறார்கள். அந்த நினைவு எப்போதாவது கிட்ட வந்தால் மனநல உதவி இலக்கமான 1926 இற்கு எடுங்கள், அல்லது எனக்கு எழுதுங்கள், எந்த நேரமானாலும்.

தாவடியாள்:

அக்கா, அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் கேட்டதற்கு நன்றி. எவரும் கேட்டதில்லை.

சொல்ல வேண்டியது: வங்கி அடைவுப் பகுதியில் கேட்டேன். சீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்ட பிள்ளை, இப்போதைய நிலுவையைக் கழித்த பிறகும் 50,000 இற்கு மேல் எடுக்கலாம் என்கிறார். 50,000 மட்டும் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மூன்றாவது கம்பனிக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குழுவில் இரண்டு பேருடன் பேசினேன். ஒருவர் அழுதுவிட்டார், அவருக்கு நான்கு கடனாம். மற்ற இருவருடன் ஞாயிறு பேசுகிறோம். கடிதம் எழுத மகள் உதவுகிறாள். அவளிடம் எதையும் மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

பணம் கொடுக்கும்போது அந்த மனிதரிடம் என்னென்ன வாங்க வேண்டும், எழுதுவினைஞர் அக்கா?

எழுதுவினைஞர்:

மூன்று பொருள்: மூல உறுதி, அந்த முத்திரைத் தாள், பற்றுச்சீட்டு. மூன்றும் மேசைக்கு வந்த பிறகுதான் காசை எண்ணுங்கள். உறுதியின் இலக்கத்தையும் எழுதிய நொத்தாரிசின் பெயரையும் முன்கூட்டிக் குறித்துக்கொண்டு போங்கள், பிரதியை நீட்டினால் தெரிய வேண்டும். முத்திரைத் தாளை உங்கள் கையெழுத்தோடு கண்ணால் பார்த்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வையுங்கள். "தொலைந்துவிட்டது" என்பார், அப்படியானால், அந்தத் தாள் இனிச் செல்லாது, முதல் 50,000 முழுதும் பெற்றுக்கொண்டேன், வேறு எதுவும் வரவேண்டியதில்லை என்று அவர் கையால் எழுதி, திகதி போட்டு, அடையாள அட்டை இலக்கத்தோடு கையெழுத்து வைக்க வேண்டும். கொடிகாமம் அக்கா ஒரு சாட்சி, இன்னொருவரையும் கூட்டிச் செல்லுங்கள். அவருடைய வீட்டில் வேண்டாம், பகலில், வங்கி வளவிலேயே வரச் சொல்லுங்கள். பிறகு ஒரு நாள் காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

தாபரிப்புக்குப் போகும்போது விவாகப் பதிவு, இரண்டு பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கிராம அலுவலரின் கடிதம், அவர் வேலை செய்யும் இடத்தின் விலாசம். மாதச் செலவுக் கணக்குக்கு அந்தக் கொப்பியையே கொண்டு போங்கள்.

கொடிகாமம் அக்கா:

வெள்ளி காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பஸ் நிலையத்தில் நில்லுங்கள் தங்கச்சி.

குருநகரான்:

இரண்டாவது சாட்சிக்கு நான் வருகிறேன். வெள்ளி கடலுக்குப் போவதில்லை.